மூலை அடுப்பின் உயரம்

— சுவத்தோட ஒட்டி இல்ல பெரியம்மா, மூலையிலேயே. இன்னா சொல்றேன்னா, ரெண்டு பக்க மேடையும் சேர்ற எடத்துல முன்பக்கத்த குறுக்கா வெட்டிட்டு அடுப்ப சாய்வா உக்கார வெக்கறது. சமைக்கிறவங்க மூலைய பாத்து நிப்பாங்க. திருத்தணியில இதோட நாலு வீட்ல போட்டுட்டேன்.

— இதத்தான் நசருல்லாண்ணா நான் கேட்டுகினே இருந்தேன். அத்ததான் ஒத்துக்கல.

— நான் எப்ப வேணாம்னேன். தென்கிழக்குல எரிஞ்சா போதும். நேரா எரிஞ்சா இன்னா, சாஞ்சி எரிஞ்சா இன்னா. போட்டுடு நைனா.

— பாத்தீங்களாண்ணா. போன வருஷம் இதே வாயிதான், மூலையில நிக்கறதுக்கு நீ இன்னா பள்ளிக்கூடத்துல தப்பு பண்ண பொண்ணான்னு கேட்டுச்சு.

— கேட்டேன். தப்பு பண்ணா நீ மூலையிலயா நிப்ப. என் புள்ள காதுல போயி நிப்ப.

— அதுக்கு உங்க புள்ள வீட்ல இருக்கணுமே அத்த. கேட்டா அரக்கோணத்துல டூட்டி. அவரு காதே எனக்கு மறந்து போச்சு.

— சண்டைய அப்பறம் போட்டுக்கங்கம்மா. அடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி விடறேன், பாத்திரம் எறக்கி வெக்க. பின்னால முக்கோணமா ஒரு எடம் வீணாப் போவும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

— வீணாப் போறது இந்த வீட்டுக்கு புதுசா நைனா. எட்டு வருஷமா போய்கினுதான் இருக்குது.

— கேட்டுக்கங்கண்ணா, என்னத்தான் சொல்லுது.

— எனக்கு எதுக்கும்மா அதெல்லாம். பெரியம்மா உக்காந்து காய் அரியற முக்காலி இருக்குதே, மேடை வந்தா அதுக்கு எடம் இல்ல. அதுக்கு இன்னா பண்றது?

— ஒண்ணும் பண்ண வேணாம். இனிமே அத்தைக்கு இங்க வேலையே இல்ல. முட்டி வலின்னு உக்காந்துகினு உப்பு போடு, புளிய கரைன்னு குரல் குடுத்தது போதும். படிக்கு வெளிய ஒரு நாற்காலி, அவ்ளோதான்.

— என் வீட்டு அடுப்ப நான் வெளிய நின்னு பாக்கணுமா.

— நிக்க வேணாம் அத்த, உக்காருங்க. அண்ணா, எண்ணெ, ஊறுகா வெக்கற அலமாரிய மேல தூக்கிடுங்க. கெழவி கைக்கு எட்டக் கூடாது.

— எட்டாத எடத்துல வெக்கறது உனக்கு நல்லா வருதுடி. ஒரு பேரப்புள்ளையையும் அப்படித்தான் வெச்சிகினு இருக்க.

— பெரியம்மா, அந்தப் பேச்சு வேணாம். நான் வேலைக்கு வந்தவன்.

— பேசட்டும்ணா. மூணு ஆடிக் கிருத்திகைக்கு காவடி எடுத்துகினு மலையேறினேன். எறங்கி வந்தா இதே பேச்சுதான். பழகிப் போச்சு. எனக்கு இந்த சமையல்கட்டு போதும். என்னுதுன்னு சொல்லிக்க இந்த வீட்ல வேற இன்னா இருக்குது.

— அப்ப உயரம் பாத்துடலாம். நாங்க மொதல்ல சமைக்கிறவங்கள நிக்க வெச்சி முழங்கைய மடக்கச் சொல்லுவோம். அதுக்கு ஆறு வெரல் கீழ மேடை. மூலை அடுப்புன்னா எட்டி கிண்டணும், அளவு தப்புனா தோள் போயிடும். வாங்க கல்பனாம்மா, சுவத்தோரம் நில்லுங்க.

— இப்படியாண்ணா?

— ஆங், அசையாதீங்க. முப்பத்தேழு இஞ்சு. ஆறு வெரல் போனா முப்பத்திரண்டரை. சாக்பீஸ்ல கோடு போட்டுடறேன்.

— நல்லா அழுத்திப் போடுங்க. பாருங்க அத்த, என் உயரம்.

— பாத்தேன். அந்தக் கோட்ட அழிச்சிடு நைனா.

— ஏன் பெரியம்மா?

— இவ குட்டை. இந்த உயரத்துல போட்டா சமைக்கறவளுக்கு முதுகு ஒடிஞ்சிடும்.

— சமைக்கறவளே நான்தானே.

— உங்க அம்மாவுக்கு காலையிலயே போன் பண்ணிட்டேன். உங்க அண்ணன் அரசு மூணு மணி வண்டிக்கு மணவூர்ல இருந்து வரான், உன்ன கூட்டிகினு போக. துணிமணிய எடுத்து வெச்சிக்க.

— உங்க புள்ள வரட்டும். அவரு வாயால சொல்லட்டும், போறேன்.

— ஜெகநாதன் வந்துட்டான். வாசல்ல ஆட்டோ நிக்குது பாரு.

— கூட யாரு அத்த. அந்தப் பொண்ணு யாரு. ஏன் அவரு கையப் புடிச்சி எறக்கறாரு.

— பெரியம்மா, நான் நாளைக்கு வரேன்.

— இரு நைனா, இன்னிக்கே அளந்துடு. அம்சா நல்ல ஒசரம். ஆறு மாசம் முழுவாம இருக்கறா, ரொம்ப நேரம் நிக்க வெக்காத.