வாப்பா பிடுங்கிய எல்லைக் கட்டைகள்

“குனிஞ்சு ஓடுங்க! நிமிராதீங்க!”

வாப்பா கத்துகிறார். எந்தப் பக்கம் நின்று கத்துகிறார் என்று தெரியவில்லை. நான் ஓடுகிறேன். எனக்கு முன்னால் உம்மா. அறுத்த நெல் தாள் உள்ளங்காலில் குத்துகிறது. செருப்பு எங்கோ போய்விட்டது. முதலில் ஒரு வெடி கேட்டது. தனி வெடி. கொக்குகள் எழும்பின. பிறகு கொஞ்சம் அமைதி. பிறகு விடாமல் வெடித்தது. மேற்கே, காட்டுப் பக்கமிருந்து. அது ஒன்றில்தான் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு நான் எதையும் யாரையும் எளிதில் நம்பியவள் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு, இலங்கையின் கிழக்கில் சண்டை நடந்த காலம். சிறுபோக அறுவடை. வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போவதற்காக வாப்பாவும் காக்காவும் வேலையை வேளைக்கே முடிக்கப் பார்த்தார்கள். மருதமுனையிலிருந்து குடும்பமாக வந்து வயல் வாடிக் குடிசையில் தங்கியிருந்தோம். மாவடிப்பள்ளி கடந்து மேற்கே வெகுதூரம். வயல் முடிந்து காடு தொடங்கும் இடம்.

வாய்க்காலுக்குள் விழுந்தோம். தண்ணீர் கொஞ்சம், சேறு அதிகம். வாப்பா ஊர்ந்து வந்து சேர்ந்தார். காக்கா வரவில்லை. எனக்கு அண்ணன் அவர் ஒருவர்தான். உம்மா எழும்பப் பார்த்தார். வாப்பா அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்து இருத்தினார். வெடி நின்ற பிறகும் நாங்கள் அசையவில்லை. நின்றது ஓய்வா, சூழ்ச்சியா என்று யாருக்குத் தெரியும்?

பின்னேரம், அஸர் தொழுகை நேரம் தாண்டி வெளியே வந்தோம். காக்கா மேட்டு வயலில் குப்புறக் கிடந்தார். முதுகில் ஒரே காயம். அந்தத் தனி வெடி அவருக்குத்தான் என்று நினைக்கிறேன். வேறு எப்படி நினைப்பது?

ஊருக்குத் தூக்கிப் போக வழியில்லை. பாதையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. வாப்பா மண்வெட்டியை எடுத்து அந்த இடத்திலேயே, காணியின் நடுவில், தோண்டினார். குளிப்பாட்டவில்லை. கபன் துணி இல்லை. உடுத்த சாரனோடு, வலப்புறமாகச் சரித்து, கிப்லாவை நோக்கி வைத்தோம். வாப்பா முன்னால் நின்று தொழுவித்தார். பின்னால் நானும் உம்மாவும். மண் மூடிய பிறகு வாப்பா அந்தரப்பட்டார். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் நட வேண்டும். அடையாளமில்லாமல் மகனை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. கல் இல்லை. பலகை இல்லை. வயல் ஓரத்துக்கு ஓடினார். பக்கத்துக் காணிக்கும் எங்கள் காணிக்கும் இடையில் எல்லை காட்டி நின்ற இரண்டு பாலைமரக் கட்டைகளைப் பிடுங்கி வந்து நட்டார்.

அந்த நேரத்தில் எல்லை பற்றி யார் யோசிப்பார்கள்? மகன் போன பிறகு வயல் எதற்கு என்றிருந்திருப்பார்.

இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றார். வயலில் செத்தவன் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டு வருவார்கள். தோண்டிப் பார்ப்பார்கள். நாங்கள் சொல்லவில்லை. சுட்டது யார் என்று ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். சொன்ன ஒருவரும் அன்றைக்கு அங்கே இருக்கவில்லை. ஆகவே இங்கும் நான் ஒரு பெயரையும் எழுதவில்லை.

அந்தக் காணி என்னுடையது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மார்க்கப்படி ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. ஆனால் எங்கள் கரையோர ஊர்களில் வீடும் காணியும் கலியாணத்தோடு பெண்ணுக்குப் போகும். அதைச் சேர்த்துக் கொடுக்கும் வரை அண்ணன்மார் தங்களுக்குக் கலியாணம் பேச விடமாட்டார்கள். காட்டோரத்து மூன்று ஏக்கரை வேர் பிடுங்கி வயலாக்கியவர் காக்கா. எனக்காக. காணி பெர்மிட் வாப்பாவின் பெயரில். அரசாங்கக் கணக்கில் சொந்தக்காரர் வாப்பா. ஊர்க் கணக்கில் சொந்தக்காரி நான். காக்காவுக்கு அதில் எங்கும் பெயர் இல்லை.

சண்டை முடியும் வரை அந்தப் பக்கம் போக விடவில்லை. வயலைக் காடு மூடியது. வரம்புகள் கரைந்தன. அதற்கிடையில் உம்மா மௌத்தானார். பிறகு வாப்பா. காக்காவின் மையத்து இருக்கும் இடம் தெரிந்த ஆள் நான் மட்டும் மிஞ்சினேன்.

திரும்பிப் போனபோது பக்கத்துக் காணிக்காரர் எனக்கு முந்தியிருந்தார். மீராசா சாச்சா. வாப்பாவுக்கு இளையவர், சொந்தமில்லை, மரியாதைக்குச் சாச்சா. அவர் காடு வெட்டி, உழுது, புது வரம்பும் கட்டிவிட்டார். வரம்பு எங்கே போகிறது? எங்கள் காணியின் நடுவால் போகிறது. இரண்டு பாலைக் கட்டைகளையும் தொட்டுக்கொண்டு போகிறது. 

“ஒங்கட வாப்பாட கட்டதானே புள்ள,” என்றார். “அதுக்கு அங்கால ஒண்ட காணி, இங்கால எண்ட காணி.”

நான் கதைத்தால் கட்டை என்ன கட்டை என்று சொல்ல வேண்டும். அவர் முகத்தையே பார்த்தேன். தெரியாமல் செய்கிறாரா, தெரிந்து செய்கிறாரா? கட்டைகளில் ஒன்று புதியது. உக்கிப்போனதை எடுத்துவிட்டு யாரோ மாற்றியிருக்கிறார்கள். கள்ள வேலை செய்கிறவன்தான் கட்டையை மாற்றுவான். அந்த இடத்தில் வரம்பு வேறு அகலமாக இருந்தது. மேலே முட்கொப்பு வெட்டிப் போட்டிருந்தது. எதை மறைக்கிறார்? வீட்டுக்கு வந்து மீராசா சாச்சாவை வாய் நிறையத் திட்டினேன். என் மகளுக்குக் கொடுக்க இருக்கும் ஒரே சொத்து அது.

பல வருடம் இப்படியே வாய் மூடி என் பாதியில் மட்டும் செய்கை பண்ணினேன். இந்த வருடம் காணிகளுக்கு உறுதிப் பத்திரம் கொடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. அளக்க ஆட்கள் வருகிறார்கள். எல்லைக் கல் நட்டால் முடிந்தது. பிறகு யாரும் மாற்ற முடியாது.

உண்மையைச் சொன்னால் என் காணி முழுதும் திரும்பி வரும். இது எல்லைக் கட்டை இல்லை, காக்காவின் கபுறு என்று சொல்ல வேண்டும். சொன்னால் சும்மா விடுவார்களா? பொலிஸ் வரும். எலும்பு கிடைத்த காணிகளைச் சுற்றி நாடா கட்டி, வழக்கு முடியும் வரை ஆளை இறங்க விடமாட்டார்கள் என்று கேட்டிருக்கிறேன். கீழே பழைய செங்கல் ஏதும் கிடந்தால் புராதன இடம் என்று வேறு கல் நடுவார்கள். காக்காவைப் பெட்டியில் போட்டு எங்கோ கொண்டுபோவார்கள். காணியும் இல்லை, காக்காவும் இல்லை என்றாகும். சொல்லாவிட்டால் பாதிக் காணி மீராசா சாச்சாவுக்கு.

அளக்கும் நாள் காலையில் நான் முதலே போனேன். அவர் எனக்கும் முதலே வந்து நின்றார். முட்கொப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். இனி அடக்க முடியவில்லை. இது என்ன இடம் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று நேரே கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். வயது போய்விட்டது. மெதுவாகத்தான் நிமிர முடிந்தது.

“ஓம். வடக்குத் தெற்கா, ஆள் நீளத்துல ரெண்டு கட்ட. நானும் முஸ்லிம்தானே. வந்த அண்டைக்கே தெரியும். ஒரு கட்ட உக்கிப் போச்சு, நான்தான் மாத்தினன்.”

“அப்ப என்னத்துக்கு எல்ல எண்டீங்க?”

“எல்ல எண்டா ஆரும் உழமாட்டான், தோண்டமாட்டான். கபுறு எண்டு சொல்லிப் பாரு, எத்தின பேர் மம்பட்டியோட வாறானெண்டு.”

சரி. அப்படியானால் அந்தப் பக்கம் இத்தனை போகம் விளைந்த நெல்? அதைக் கேட்டேன். அவர் பாதையைப் பார்த்தார். அளப்பவர்களின் வாகனம் தூசி கிளப்பி வந்துகொண்டிருந்தது.

என் காக்காவைக் காத்தாரா, அவரைச் சாட்டி என் வயலைத் தின்றாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் என்றால் கையைப் பிடித்து அழுதிருப்பேன், இல்லாவிட்டால் காறித் துப்பியிருப்பேன். இரண்டும் என்பதால் சும்மா நின்றேன்.

அளப்பவர் இளம் பிள்ளை. மரியாதையாகக் கேட்டார். இந்தக் கட்டைகள்தான் எல்லையா, அம்மாவுக்கு ஆட்சேபனை ஏதும் உண்டா என்றார். மீராசா சாச்சா நிலத்தைப் பார்த்தார். என் மகளின் முகம் மனதில் வந்தது. அவளிடம் என்ன சொல்வேன்?

“ஓம் தம்பி. அதுதான் எல்ல,” என்றேன்.

வரம்போடு சேர்த்துக் கல் நட்டார்கள். மீராசா சாச்சாவின் பாதியை அவர் பெயரில் பதிந்தார்கள். என் பாதியை என் பெயரில். நான் கையெழுத்துப் போட்டேன். 

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ கூடாது. தொண்ணூறின் சிறுபோக நெல், முழுதும். வாடி, சட்டி பானையோடு. உழவு மாடு, ஒரு சோடி. ஒன்றரை ஏக்கர் வயல், இந்த வருடம், என் வாயால். மகனை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் சொல்லாமல் போன என் வாப்பா, உம்மா. காக்கா, இருபத்திரண்டு வயது. கலியாணம் பேசவில்லை. என்னுடையது முடியட்டும் என்று காத்திருந்தார்.