புள்ளிக்கோடு

— உந்தக் கோட்டை அழி எண்டெல்லே சொன்னனான்.

— எந்தக் கோடு, பெரியப்பா?

— கீழ, டெனிஸின்ர பேருக்குப் பக்கத்தில. புள்ளி புள்ளியாப் போய் ‘லக்சன்’ எண்டு முடியுது. எனக்குக் கண் தெரியாது எண்டு நினைச்சியோ, ராசா?

— அது புள்ளிக்கோடு, பெரியப்பா. டெனிஸ் அண்ணா மாதிரி பெத்த பிள்ளைக்கு முழுக்கோடு, என்னை மாதிரி வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. எல்லாக் குடும்ப மரத்திலயும் அப்பிடித்தான் போடுறவை. சத்தியமா நானாக் கண்டுபிடிச்சதில்லை.

— பானர் அடிக்கிற கடை எப்ப பூட்டுவாங்கள்?

— அஞ்சு மணிக்கு. இப்ப ஃபைலை அனுப்பினா காலமை ஹோலுக்குப் போற வழியில நானே எடுத்துக்கொண்டு வந்திடுவன்.

— அப்ப அழிச்சுப்போட்டு அனுப்பு. நாளைக்கு ஒண்டுகூடலுக்கு மெல்பேணில இருந்து டெனிஸ் வாறான். கனடாவில இருந்து சனம் வருது. ஹார்லோ குடும்பத்தின்ர முன்னூறு வருசம் சுவரில தொங்கேக்குள்ள, அடியில பூச்சி ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. பாக்கிறவன் என்ன நினைப்பான்?

— பூச்சி. ஓகே. ஓகே, பெரியப்பா. ஆனா அந்த முன்னூறு வருசத்தைத் தேடி எடுத்தது ஆர்?

— நீதான். ஆர் இல்லையெண்டது? அமெரிக்காவில, கனெற்றிக்கட்டில தோமஸ் ஹார்லோ எண்டு ஒரு பெரிய காணிக்காரன், கடற்கரையில இருந்து ஆறு மட்டும் அவன்ர நிலம், எல்லாம் நீ தேடித் தந்ததுதான். நாளைக்கு மைக்கில உனக்கு நன்றி சொல்லுவன். சாப்பாட்டுக்காரருக்குச் சொல்ல முதலே சொல்லுவன். காணுமோ?

— எனக்கு நன்றி வேண்டாம். நான் ஒரு செமஸ்ரர் ஃபெயில் விட்டனான், பெரியப்பா, தெரியுமோ? அந்தக் காலத்து எழுத்தை வாசிக்கப் பழகவே எனக்கு ஒரு மாசம் போச்சுது. அங்க ரவுன் ஓஃபிசில வேலை செய்யிற கிழவி ஒண்டு, பேர் டொறத்தி, என்ர ஈமெயிலுக்கு முதல்ல பதிலே போடேல்லை. பேந்து நான் விடாமல் எழுத எழுத, பாவம், தன்ர லஞ்ச் நேரத்தில காணி உறுதியளைப் படம் பிடிச்சு அனுப்பினவா. ஏன் இவ்வளவு ஆசையா நிக்கிறாய், உன்ர சொந்தமோ எண்டு கேட்டவா. நான் ஓமெண்டு எழுதினனான்.

— பொய் எழுதினனி.

— ஓம். பொய் எழுதினனான்.

— நீ யோகாவின்ர தங்கச்சி பெத்த பிள்ளை. யோகா என்னைக் கட்டி ஹார்லோ ஆனவள். உன்ர கொம்மா ஆகேல்லை, கொப்பனும் ஆகேல்லை. ரெண்டும் முள்ளிவாய்க்கால்ல போயிட்டுதுகள், நீ மிஞ்சினாய், நான் கூப்பிட்டு எடுத்தனான். சோறு போட்டனான். ராத்திரி ராத்திரி நீ நனைச்ச மெத்தையை வெயிலில காயப்போட்டனான். அது தருமம். மரம் வேற. விளங்குதோ?

— மெத்தையைப் பெரியம்மாதான் காயப்போட்டவா.

— வீடு ஆற்ற வீடு?

— உங்கட வீடுதான். டெனிஸ் அண்ணா வந்தா நான் கராஜுக்குள்ள படுக்கிறனான்தானே, எனக்குத் தெரியும். அவற்ற நாயும் என்ர றூமுக்குள்ளதான் படுக்கிறது. அந்த நாய்க்குத் தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போனனான். கவுண்டரில நிண்ட பெட்டை கூப்பிடுறாள், ‘புரூனோ ஹார்லோ’ எண்டு. நாயும் நானும் எழும்பிப் போறம். நாய்க்கு அந்தப் பேர் இருக்கு.

— டெனிஸின்ர நாய், டெனிஸின்ர பேர். உனக்கு நாயோடையும் போட்டியோ, ராசா?

— இல்லை. நான் போட்டிக்கு வரேல்லை. சின்னனில ஒருநாள் நீங்களும் பெரியம்மாவும் அடுத்த அறையில கதைச்சதை நான் கேட்டனான். எனக்கு சிற்றிசன் பேப்பர் நிரப்பின நேரம். பெரியம்மா ஹார்லோ எண்டே போடுவமே எண்டு கேக்கிறா. நீங்கள் சொல்லுறீங்கள், ‘அது ரத்தத்தில வாற பேர், யோகா. ரத்தம் இல்லாதவனுக்கு நான் நினைச்சாலும் குடுக்கேலாது.’

— சொன்னனான்.

— நான் அதைக் கோவமா எடுக்கேல்லை, பெரியப்பா. சத்தியமா. ஐ மீன், அது ஒரு ரூல்தானே. ஸ்கூலில பெடியள் கேப்பாங்கள், ஏன் உனக்கு வேற பேர் எண்டு. நான் சொல்லுவன், எங்கட வீட்டில ஒரு ரூல் இருக்கு, பெரியப்பாவுக்கு என்னில விருப்பம், ரூல்தான் விடுகுதில்லை எண்டு. நீங்கள் நினைச்சாலும் ஏலாது எண்டுதானே சொன்னீங்கள். ‘நினைச்சாலும்’ எண்ட சொல்லை வைச்சுக்கொண்டு நான் எவ்வளவு காலம் ஓட்டினனான் தெரியுமோ?

— நேரம் போகுது. அழி.

— ஒரு நிமிசம். ரெண்டு விசயம் சொல்லுறன், கேட்டிட்டு அழிக்கச் சொல்லுங்கோ, அழிக்கிறன். தோமஸ் ஹார்லோவின்ர மரண சாசனம் இருக்கெல்லே?

— அது பானரில வாறதுதானே. எருது சோடி, வெள்ளீயத் தட்டு, உப்பளம், எல்லாம் மூத்த மகனுக்கு.

— அதில நீங்கள் வெட்டச் சொன்ன வரி ஒண்டு இருக்கு. எருதுக்கும் தட்டுக்கும் நடுவில, ‘பில்லிஸ் எண்ட கறுப்புச் சிறுமி, என்ர மகள் மேர்சிக்கு.’

— அது ஏன் இப்ப? சாப்பிட வாற சனத்துக்கு உதுகளைக் காட்டி என்ன? அந்தக் காலத்தில எல்லாரும் அடிமையள் வைச்சிருந்தவங்கள்.

— பில்லிஸ் பேந்து விடுதலையாகி, தனியக் குடியிருந்து, செத்தும் போனா. டொறத்தி சேர்ச் பதிவைக் கண்டுபிடிச்சவா. அதில அவவின்ர பேர் என்ன தெரியுமோ? பில்லிஸ் ஹார்லோ.

— அதுக்கு?

— அவவுக்கு ரத்தம் எங்க இருந்து வந்தது?

— சரி, நீ கெட்டிக்காரன். இது ஒண்டு. மற்றதைச் சொல்லு.

— மற்றது உங்கட வெள்ளைக்காரப் பாட்டன்.

— எலிஷா ஹார்லோ. தோமஸின்ர வழியில வந்தவர். அமெரிக்கன் மிசனோட யாழ்ப்பாணம் வந்து, எங்கட பொம்பிளையைக் கட்டி, அங்கயே மண்ணாப் போனவர். உது சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச கதை. எங்கட மூக்கைப் பாத்தாலே தெரியும்.

— எலிஷா ஹார்லோ கனெற்றிக்கட்டை விட்டு ஒரு அடி வெளியில போனதில்லை, பெரியப்பா. ஒன்பது வயசில குளத்தில ஐஸ் உடைஞ்சு விழுந்து செத்துப்போனான். ஒரே பிள்ளை. தோமஸின்ர அந்தக் கிளை அதோட முடிஞ்சுது.

— ஆர் சொன்னது?

— கல்லறைக் கல்லின்ர படம் இருக்கு. இந்தா, பெரிசாக்கிக் காட்டுறன். வயசு போட்டிருக்கு பாருங்கோ.

— கண்ணாடி இல்லை. நீயே சொல்லு.

— தாய்க்காரிக்கு விசர் பிடிச்ச மாதிரி. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில மிசன் பள்ளிக்கூடம் நடத்தினவை அமெரிக்காவுக்கு எழுதுவினம், ஒரு பிள்ளையின்ர படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் காசு அனுப்புங்கோ, நீங்கள் சொல்லுற பேரை அந்தப் பிள்ளைக்கு வைக்கிறம் எண்டு. கன பேர் அனுப்பினவை. இவவும் அனுப்பினவா. செத்த மகன்ர பேரை வைக்கச் சொல்லி. கதிர்காமன் எண்டு ஒரு பெடியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தண்ணி தெளிச்சு எலிஷா ஹார்லோ ஆக்கிச்சினம்.

— ம்.

— அவன் ரெண்டாம் வருசம் வீட்ட ஓடிப்போனான். காசு நிண்டிடும் எண்டு ஆரும் அந்த மனுசிக்கு எழுதேல்லை. அடுத்து வந்த பெடியனுக்கு அதே பேரை வைச்சிட்டினம். அவன் பேதியில போயிட்டான். பேந்து மூண்டாவது ஒருத்தன். அந்த மனுசி ஒரே எலிஷா எண்டு நினைச்சு எழுதிக்கொண்டே இருந்திருக்கு. பல்லு விழுந்து முளைச்சிட்டுதோ, என்ர பிள்ளை இப்ப எவ்வளவு உயரம் எண்டெல்லாம். யாழ்ப்பாணத்து வெக்கைக்குக் கம்பளியில கையுறை பின்னி அனுப்பியிருக்கு. மிசன் அறிக்கையில நன்றி சொல்லியிருக்கினம், எலிஷா அதைப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளுறான் எண்டு. எந்த எலிஷா எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்.

— அந்த மூண்டாவது ஆள்?

— அவர்தான் உங்கட பாட்டன். அவருக்கு அதுக்கு முதல் ஒரு பேரும் எழுதியில்லை. தாய் தேப்பன் இல்லை. பஞ்ச நேரம் ஆரோ பள்ளிக்கூடப் படலையடியில விட்டிட்டுப் போன பிள்ளை. மூக்கைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை, பெரியப்பா. சொறி இருந்ததாம், அதை எழுதியிருக்கினம்.

— நக்கலோ?

— கொஞ்சம். பூச்சி எண்டு சொன்னீங்கள்தானே.

— நாளைக்கு ஹோலில வைச்சு உதைச் சொல்லப்போறியோ? அதுக்குத்தான் இவ்வளவு நாளும் ஈமெயில் அடிச்சனியோ? மிரட்டுறாய் என்ன?

— இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். டெனிஸ் அண்ணாவுக்கும் சொல்ல மாட்டன். வெள்ளைக்காரப் பாட்டனை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ, பானரில அவர் அப்பிடியே நிக்கட்டும். ஒண்டு மட்டும் விளங்கினாக் காணும் எனக்கு. அந்த ரூல் ஒருநாளும் இருக்கேல்லை, பெரியப்பா. தாய் தேப்பன் இல்லாமல் வந்த பிள்ளைக்கு ஆரோ ஒரு பேரைக் குடுத்திருக்கினம். அதிலதான் உங்கட குடும்பமே தொடங்குது. முதல் ஆளே புள்ளிக்கோடு. அப்ப என்னைப் போடுறதுக்கு என்ன தடை?

— முடிச்சிட்டியோ?

— முடிச்சிட்டன். முழுக்கோடு கேக்கேல்லை. புள்ளிதான்.

— யோகா, நாங்கள் கதைக்கிறதைக் கேக்கவோ பைப்பைப் பூட்டினனி? திறந்து விடு. ஒட்டுக் கேக்கிறதெண்டா வெளிய வந்து இருந்து கேள். கதிரை இருக்கு.

— பெரியம்மாவை விடுங்கோ, பெரியப்பா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. நான் இதை அவவுக்கும் சொல்லேல்லை.

— வராட்டி நிக்கட்டும். குசினிக்க நிண்டே கேக்கட்டும். லக்சன், நீ கேட்ட எச்சில் ரெஸ்ற்றுக்கு நான் துப்பித் தரேல்லை, ஞாபகமோ?

— ஓம். குழாயில துப்பி அனுப்பினா ஆற்ற ரத்தம் எண்டு சொல்லுவாங்கள். என்ர பேர்த்டே காசில நான் வாங்கித் தந்தனான். ‘என்ர துப்பலை அமெரிக்காவுக்கு அனுப்பேலாது’ எண்டு குப்பைக்குள்ள போட்டிட்டீங்கள்.

— ஏன் போட்டனான் எண்டு யோசிக்கேல்லையோ? இவ்வளவு கெட்டிக்காரன்.

— உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்.

— என்ர அப்பு சாகக் கிடக்கேக்குள்ள என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னவர். அப்ப எனக்கு உன்ர வயசுதான். படலையடியில கிடந்த பெடியனையும் சொன்னவர், ஓடினவனையும் சொன்னவர், செத்தவனையும் சொன்னவர். அந்தக் கையுறை கனகாலம் வீட்டில கிடந்ததாம். சிவப்புக் கம்பளியாம். பெருவிரலில பூச்சி அரிச்ச ஓட்டையாம்.

— சிவப்பு எண்டு நான் சொல்லேல்லையே.

— நீ சொல்லேல்லை.

— மிசன் அறிக்கையிலதான் சிவப்பெண்டு இருக்கு. அப்ப உங்களுக்கு... எல்லாம் முதலே தெரியும்?

— எல்லாம் தெரியும்.

— அப்ப ஏன் என்னைத் தேட விட்டனீங்கள்?

— தோமஸ் வேணும். காணி வேணும், உப்பளம் வேணும். பானரில போட மேல் பாதி வேணும். கீழ் பாதியையும் நீ கிண்டுவாய் எண்டு நான் நினைக்கேல்லை.

— ஓகே. ஓகே, அதை விடுங்கோ. பெரியப்பா, இது இன்னும் சுகம் எல்லே? நான் பயந்துகொண்டிருந்தனான், இதைச் சொன்னா உங்களுக்கு நெஞ்சு நோகும் எண்டு. பிறஷர்க் குளிசையையும் எடுத்து மேசையில வைச்சிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினனான், பாருங்கோ. உங்களுக்குத் தெரியுமெண்டா ஒரு பிரச்சினையும் இல்லை. ரத்தம் இல்லையெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. கோட்டை இன்னும் மெல்லிசா ஆக்கிறன். கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். அப்பிடியே அனுப்பட்டோ, பெரியப்பா? அஞ்சாகப் போகுது.

— அழி, ராசா. யோகா என்ர காலைப் பிடிச்சு உனக்கு அந்தப் பேரைக் கேட்ட அண்டைக்கும் எனக்கு இது தெரியும்.