சிவப்பு வண்டியில் குறை ஒன்றும் இல்லை

இந்த மாதிரி வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். உட்காருங்கள். வாங்குவதற்கு முன் கேட்பது நல்ல பழக்கம். பதினைந்து வயதுக் கார், இரண்டே சீட்டு, மீட்டரில் ஓட்டமே இல்லை. நிறுத்தியே வைத்தால் பேட்டரி படுத்துவிடும், எலி ஒயரைக் கடிக்கும், நம் கடற்காற்றில் எர்த் முனை பச்சை பூக்கும். அதையெல்லாம் நானே சரிசெய்துவிட்டேன். கரண்ட் கோளாறு உண்டா என்று கேட்டீர்கள். கோட்டுச்சேரியில் யாரைக் கேட்டாலும், உண்டு என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு அப்படிச் சொன்னவன் நான்.

என் பெயர் மரியமுத்து, ஆட்டோ எலக்ட்ரீசியன். இப்போதெல்லாம் என் கடைக்கு, பஸ் போய்விட்டதா என்று கேட்கத்தான் ஆள் வருகிறது. மனைவி சலோமி பிரான்சில் மகளோடு இருக்கிறாள். வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை ஃபிரிட்ஜ்தான். அதுவும் நடுவில் நடுவில் மௌனமாகிவிடும்.

எதிர்வீட்டு காஜா நஜ்முதீன் துபாயை விட்டு வந்ததும் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இது. முதல் தடவை கிளம்ப மறுத்தபோது என்னைக் கூப்பிட்டார். பானட்டைத் திறந்து வைத்துச் சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மனைவி ஷரீபுன்னிசா சுடச்சுட இறால் வாடா பொரித்துக்கொண்டு வந்தார்.

"ஏன் பாய், ஒட்டகம் வாங்கியிருந்தா தள்ளுற வேலை மிச்சமாயிருக்குமே" என்றேன்.

"வாங்கலாம்ண்ணே. அதுக்கு ஒயரு மாட்ட உங்களுக்குத் தெரியாதே."

மறுநாள் எர்த் முனையைத் தேய்த்து மாட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு. அதற்குப் பிறகு பாய் என்னைக் கடந்து போகும்போது கையை மட்டும் காட்டிவிட்டுப் போனார்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்புக்குக் கரண்ட் விடும் ரிலே தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. துடைக்கிற சாக்கில் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலமே பாய் கூப்பிட்டார். பழைய வண்டி, நின்றே கிடக்கிற வண்டி, யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு சாயங்காலம் தேடுவேன், பிறகு திருப்பி மாட்டுவேன். கொஞ்ச நாள் விட்டு மறுபடி பிடுங்குவேன். அவருக்கும் பேச ஆள் தேவைப்பட்டது என்றுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

மாங்கனித் திருவிழா அன்று எங்கள் பக்கத்து ஆட்டோக்களெல்லாம் காரைக்காலுக்குச் சவாரி போய்விட்டன. மதியம் பாய்க்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள்.

"அண்ணே, நம்ம வண்டிய எடுங்க" என்று ஷரீபுன்னிசா ஓடிவந்தார்.

பாயைத் தாங்கிப் பிடித்துச் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. ரிலே என் சட்டைப்பையில் இருந்தது.

இறங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் ஷரீபுன்னிசா பானட்டைத் தூக்கிப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து எடுத்தால், அது எப்படி அங்கே வந்தது என்று கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் கோளாறைத் தேடினேன். பேட்டரி முனையைத் தேய்த்தேன். எர்த்தை இறுக்கினேன். ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"பதறாம பாருங்கண்ணே, வந்துடும்" என்றார் பாய் உள்ளேயிருந்து. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

வண்டியை விற்றுவிடலாம் என்று ஷரீபுன்னிசா சொன்ன அன்றுதான் ரிலேயைத் திரும்ப மாட்டினேன். சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. அத்தனை நல்ல வண்டி.

"கடைசி வரைக்கும் அண்ணன் வண்டியிலேருந்து கைய எடுக்கலங்க" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த ஒரு ஆறுதலையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. உங்களிடம் சொல்வதுகூட, ஒரு பாவமும் செய்யாத வண்டிக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்றுதான்.

நம்பி எடுத்துப் போங்கள். வீடு அம்பகரத்தூர் என்றீர்கள், நான் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். எப்போதாவது கிளம்பவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். சாயங்காலங்களில் சும்மாதான் இருக்கிறேன்.