கோணல் ஜன்னலின் அளவு

சென்ற திங்கட்கிழமை காலை என் கடைக்கு வந்த ஒருவர், என் வீட்டு ஜன்னலின் அளவைக் கொடுத்து ஒரு கண்ணாடி கேட்டார். நான் பயந்துபோய், என் சாட்சியத்துக்கு ஒரு விலை சொல்லி, முன்பணமும் வாங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு நானாக வந்திருக்கிறேன்.

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஆய்வாளர் கையில் கொடுத்துள்ளேன். இந்த வாக்குமூலத்தின் எந்தப் படியிலும் அவை வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். காரணம் கீழே வருகிறது. வயது ஐம்பத்து நான்கு. கண்ணாடி வியாபாரம் செய்கிறேன். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, மேசைக் கண்ணாடி எல்லாம் அளவுக்கு வெட்டிக் கொடுப்போம். தள்ளுவண்டியில் உடைசல் கண்ணாடி வாங்கி விற்றுத் தொடங்கிய தொழில். இன்று சொந்தக் கடை, இரண்டு வேலையாட்கள். மனைவியும் ஒரு மகளும் உண்டு. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

ஏழு மாதம் முன்பு, கடை அடைக்கும் நேரத்தில், முகத்தில் துணி கட்டிய ஒருவன் உள்ளே வந்து கல்லாப்பையைப் பிடுங்கினான். நான் பையை விடவில்லை. விட்டிருக்கலாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், ஆகையால் நீங்களும் சொல்ல வேண்டாம். அவன் கத்தியால் என் வலது கையை மணிக்கட்டுக்குக் கீழே வெட்டினான். இழுபறியில் துணி அவிழ்ந்தது. என் கடையில் நான்கு சுவரிலும் கண்ணாடி. அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவன் பிடிபட்டான், நான் அடையாளம் காட்டினேன், அவன் ஜாமீனில் வெளியே வந்தான். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்றுவரை மூடவில்லை. கண்ணாடி வெட்டும் கட்டரைப் பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

அதன் பிறகு கடையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். எனக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் அவற்றில் தெரிந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "என்ன முதலாளி, கண்ணாடிக் கடைன்னு போர்டு வெச்சிட்டு ஒரு ஆள் தலை சீவ முடியலையே?" என்று கேலி செய்தார். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்காக வாதாடும் வக்கீலம்மா, இப்படி அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுக்க ஒரு நிதி இருக்கிறது என்று சொல்லி என்னை விண்ணப்பிக்க வைத்தார். கைக்கு இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் விரல் மூட வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்குத்தான் கேட்டேன். கொடுக்கும் தொகையைப் பின்னால் குற்றவாளியிடமே வசூலிக்கலாமாம். ஆகவே அவனுக்கும் என் விண்ணப்பத்தின் ஒரு படி போனது. அதில் என் வீட்டு முகவரி, கதவு எண்ணோடு இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வழக்கமாக அப்படித்தான் அனுப்புவார்களாம்.

அதன் பிறகுதான் திங்கட்கிழமை நடந்தது. வந்தவருக்கு என் வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வழித்த முகம், சாந்தமான பேச்சு. "முதலாளி, ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி வேணும். அளவு கையோட கொண்டாந்திருக்கேன்" என்று ஒரு நூலை மேசைமேல் வைத்தார். ஜன்னலைச் சுற்றி நூல் பிடித்து, மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவது வாடிக்கையாளர்கள் செய்வதுதான். அந்த நூலை எங்கள் வேலையாள் எடுத்து அளந்தார். அவரை எல்லாரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவோம். என் கை போனதிலிருந்து வெட்டுவது அவர்தான்.

ஸ்கேல் அளந்துவிட்டுச் சிரித்தார். "முதலாளி, இதைப் பாருங்க. இடப்பக்கம் அரை அங்குலம் நீளம். அப்படியே நம்ம வீட்டு ஜன்னல்! அந்தக் குடிகார ஆசாரி இன்னொரு வீட்டையும் கெடுத்திருக்கான் போல."

நான் சிரிக்கவில்லை. என் வீட்டில், தெருப்பக்கத்து அறையில், சட்டத்தை ஆசாரி கோணலாக அடித்துவிட்டதால் கண்ணாடியையும் கோணலாகவே வெட்டிப் பொருத்தினேன். என் கையாலேயே வெட்டியது. மேல் முடிச்சிலிருந்து கீழ் முடிச்சுவரை ஒவ்வொரு அளவும் எனக்கு மனப்பாடம். அது என் மகள் படுக்கும் அறை.

வந்தவர், "ஊர்ல கோணல் ஜன்னல் ஒண்ணுதானா இருக்கு?" என்றார். அதன் பிறகு ஸ்கேலைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் டீ வாங்கிட்டு வர்றியா? முதலாளிக்கும் சேர்த்து" என்றார். ஸ்கேலுக்கு அறுபது வயது. தம்பி என்றதில் குளிர்ந்துபோய் அவர் புறப்பட்டுவிட்டார். நான் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் சொன்னது: "நீங்க அடையாளம் காட்டின பையனோட தாய்மாமன் நான். சத்தம் போட வரல, வியாபாரம் பேச வந்திருக்கேன். நிதி ஆபீஸ்ல என்ன கேட்டிருக்கீங்களோ அதை நாங்களே தர்றோம். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கங்க. கோர்ட்ல, கண்ணாடிக்குள்ள பாத்த முகம், சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன்: அவர் என்னை மிரட்டும் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை. பேசும்போது அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சுகளைத்தான் பார்த்தேன்.

அப்போது நான் செய்த தவறு இது. முப்பது வருஷமாக யார் எந்த விலை கேட்டாலும் உடனே சரி என்று சொன்னது கிடையாது. மறுவிலை சொல்லித்தான் பழக்கம். பயத்தில் புத்தி நின்றுவிட்டது, வாய் மட்டும் ஓடியது. "ரெண்டு மடங்கு வேணும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் யோசிக்கவே இல்லை. "முடிஞ்சுது" என்றார். ஒரு கட்டுப் பணத்தை எடுத்து என் இடது கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டார். அதன் பிறகு செல்போனில் என்னைப் படம் எடுத்தார். "ஞாபகத்துக்கு" என்றார். வெளியே போகும்போது சுவரில் இருக்கும் என் போர்டைச் சத்தமாக வாசித்தார்: வெட்டிய கண்ணாடி திரும்ப வாங்கப்பட மாட்டாது. "நல்ல பழக்கம் முதலாளி. வியாழக்கிழமை வந்து கண்ணாடியை எடுத்துக்கறேன், மீதியையும் குடுத்துடறேன்." வெள்ளிக்கிழமை என் சாட்சி விசாரணை. அது அவருக்கும் தெரியும்.

ஸ்கேல் டீயோடு வந்தார். நூலை வழக்கம்போல் ஆர்டர் ஆணியில் மாட்டிவிட்டு, "நல்ல மனுஷன், டீக்காசு சில்லறையக்கூட என்னையே வெச்சுக்கச் சொல்லிட்டாரு" என்றார்.

அதன் பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "என்னப்பா, நீதானே ஆள் அனுப்பின? காலைல வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் கண்ணாடி மாத்தணும்னு அளவெடுக்க வந்தாரே. நைட் டூட்டி முடிச்சு அப்பதான் படுத்தேன், பெல் அடிச்சு எழுப்பிட்டாரு. கோணலா இருக்கும், பாத்து அளங்கன்னு சொன்னேன்" என்றாள். கண்ணாடிக்காரன் வீட்டுக்குக் கண்ணாடி அளக்க ஆள் வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அவள் அம்மா அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

"உள்ளேயா வந்தான்?"

"உள்ள வராம எப்படி அளப்பாங்க? நூலோட ஒரு முனைய நான்தான் பிடிச்சுக்கிட்டேன். தண்ணி கேட்டாரு, குடுத்தேன். நீ படும்மா, கதவை நானே சாத்திட்டுப் போறேன்னாரு."

அந்தக் கண்ணாடி டம்ளர் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. பாதித் தண்ணீர் மிச்சம். கட்டிலிலிருந்து கையெட்டும் தூரம்.

என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடுக்கறதை வாங்கிக்கிட்டு விட்டுத் தொலைங்க. கை போனது போனதுதான்" என்றாள். மகள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். அதன் பிறகு, "அவன் என் ரூம்ல நின்னு அளந்திருக்கான், அம்மா. இன்னைக்கு விட்டா நாளைக்கும் வருவான். வழி தெரிஞ்சுபோச்சே" என்றாள்.

நான் வியாபாரி. அவள் சொன்னது எனக்குக் கணக்காகவே புரிந்தது. பயத்துக்கு ஒரு தடவை விலை சொன்னவனிடம், அடுத்த தடவை இலவசமாகக் கேட்பார்கள். கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, முன்பணம் வாங்கியதைச் சொன்னால் என் இழப்பீடு போய்விடுமா என்று கேட்டேன். "போனாலும் போகலாம். நான் போராடிப் பாக்கறேன். ஆனா மறைச்சு அந்த போட்டோ வெளிய வந்தா, பணமும் போகும், உங்க சாட்சியும் போகும், உங்க மேலயே கேஸ் வரும்" என்றார். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவது எனக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

அதன் பிறகு மகளையும் மனைவியையும் வேறொரு வீட்டில் விட்டேன். எந்த வீடு என்பதும் அந்த உறைக்குள் இருக்கிறது. டம்ளரைக் கழுவாமல் துணியில் சுற்றி, பிரிக்காத பணக்கட்டோடும் முடிச்சுப் போட்ட நூலோடும் கொண்டுவந்து ஒப்படைத்துள்ளேன். ஸ்கேலிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வாங்கிய சில்லறையையும் மேசைமேல் வைத்து, "இதையும் குடுத்துடுங்க முதலாளி, எனக்கு வேணாம்" என்றார். அதுவும் சேர்ந்திருக்கிறது.

ஆய்வாளர் வியாழக்கிழமை கடைக்கு ஒரு காவலரை அனுப்புவதாகச் சொன்னார். ஒருவர் கட்டாது என்றேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அறையின் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தார்கள், பாதியில் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது இதுதான், என்னை யாரும் சொல்லவைக்கவில்லை, எனக்குப் பாதகமானதையும் நானே சொல்லியிருக்கிறேன். வலது கை மூடாததால் இடது கையால் கையெழுத்திடுகிறேன். கோணலாக இருந்தாலும் அது என் கையெழுத்துதான்.

பேசி முடித்த நிபந்தனை: வியாழக்கிழமை வேலையாள் உடையில் இரண்டு காவலர் கடைக்குள்ளும், ஒருவர் தெருவிலும் இருப்பார்கள். தீர்ப்பு வரும்வரை மகள் இருக்கும் வீட்டுக்குப் பகலிலும் இரவிலும் காவல் உண்டு. முகவரியை நீக்கச் சொல்லி நிதி அலுவலகத்துக்கு ஆய்வாளர் இன்றே எழுதுவார். இதற்குப் பதிலாக, நான் கடையைத் திறந்து, சுவர்ப்பக்கம் திருப்பிய கண்ணாடிகளையெல்லாம் நேராக வைத்து, அவர் வரும்வரை என் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடி வெட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோர்ட்டில், நான் பார்த்த முகத்தைப் பார்த்தபடியே சொல்வேன். அதில் குறைப்பு இல்லை.