பதினாறு நூல்கள்

ஸ்வீட் பீ என்கிற வாசனைப் பூங்கொடியின் விதையை ஊறவைத்துத்தான் விதைக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தேவையில்லை, மேடம். ஈரமண்ணில் விரல்நுனி ஆழத்துக்கு அழுத்தினால் போதும். நாற்றில் மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளைகள் வரும், பூவும் நிறைய வரும்.

நீங்கள் கேட்டது நூலைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

நாங்கள் எடுத்து வைக்கும் விதையில் வாசனையில்லாத கொடிகளும் கலந்துவிடும். பூவும் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. தினமும் காலையில் அத்தை ஒவ்வொரு கொடியாக முகர்ந்துகொண்டே போவார். மணக்கிற கொடியில் சிவப்பு நூல் கட்டுவார். நூல் கட்டிய கொடியின் பூ மட்டும்தான் பூக்கடைக்குப் போகும்.

அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் இருவருக்கும் வேறு ஆள் கிடையாது. நான் தாவரவியல் படித்தவள். உரம், பூச்சி, நோய் எல்லாம் என் பொறுப்பு. மூக்கு மட்டும் அத்தையுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் எனக்கு வாசனை போய்விட்டது. மருத்துவர் எழுதிய சீட்டை உங்களிடம் கொடுத்திருக்கிறேன். அது பொய்ச் சீட்டு இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில், வேறு ஊரில், ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அத்தை கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"தனியா எப்படிடி இருப்ப? பால் திரிஞ்சாலும் தெரியாது. கேஸ் கசிஞ்சாலும் தெரியாது."

"ஜன்னலத் திறந்து வச்சுக்கறேன் அத்தை."

"வை, வை. திருடனுக்கு வசதியா இருக்கும்."

அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் கஷ்டம். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், பின்னாலேயே போய்க் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நாளைக்கு ஆறு முறை அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும். நாள் கிழமை என்று வெளியே போகவும் முடியாது. ஸ்வீட் பீயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். காய் பிடிக்க விட்டால் கொடி பூப்பதை நிறுத்திவிடும்.

வாசனை திரும்பியது போன மாதம். பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சுத் தோலும் தேனும் கலந்த மாதிரி ஏதோ வந்தது. முகத்தைப் பூவுக்குள் வைத்தேன். வெகுநேரம் வெளியே எடுக்கவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னாலும் என்னை நிறுத்திவைக்க அவருக்கு வேறு காரணம் கிடைத்திருக்கும். அத்தையிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. தவிர, அந்த வீட்டில் அவர் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்காத பொருள் அது ஒன்றுதான்.

பிறகு அத்தைக்குச் சளி பிடித்தது.

"இப்ப வீட்டுல ரெண்டு பேருக்கும் மூக்கில்ல. ஜோடிப் பொருத்தம் பிரமாதம். இந்த வாரம் நூல நீயே கட்டு."

"நான் எப்படி அத்தை?"

"குத்துமதிப்பா கட்டுடி. பூதானே, கோவிச்சுக்காது."

நான்கைந்தையாவது தப்பாகக் கட்டியிருக்க வேண்டும். மணக்காத கொடியில் நூல் கட்டக் கை வரவில்லை. கடைக்காரம்மாவை ஏமாற்றுவது போல இருந்தது. பதினாறு கொடி, பதினாறும் மணக்கிறவை. நீங்கள் தோட்டத்துக்குப் போய்ப் பதினாறையும் முகர்ந்து பார்ப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

அன்று மதியம் அத்தை அடுப்பில் பாலை வைத்தார். சளி மாத்திரை போட்டுக்கொண்டு பக்கத்து அறையில் படுத்தார். நான் சமையலறை மேசையில் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. முதலில் தீய்ந்த பால் வாசனை வந்தது. பிறகு மற்றது.

குமிழ் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் பூ வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டேன். சூடான காற்று பட்டால் பூ வாடிவிடும் என்று மதியத்தில் ஜன்னல்களைச் சாத்துவது எங்கள் வழக்கம். பூவெல்லாம் என் கையில் இருந்தது. இருந்தும் சாத்தினேன். தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து மீதிக் கொத்துகளைக் கட்டி முடித்தேன். அன்று காம்புகள் நல்ல நீளம்.

பொழுது சாய்ந்ததும் அத்தை எழுந்து விளக்கைப் போட்டார். வெடித்த சத்தத்தில் கொட்டகைக் கூரை அதிர்ந்தது.

முதல் நாள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததில், எனக்கு வாசனை தெரியாது என்றும், அத்தை கவனிக்காமல் தூங்கிவிட்டார் என்றும் எழுதியிருந்தேன். இரண்டாவது உண்மைதான். நாளுக்கு ஆறு முறை குமிழைத் தொடுகிறவர், பாலை வைத்துவிட்டு எப்படிப் போய்ப் படுத்தார் என்று எனக்கே புரியாமல் இருந்தது.

இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. அன்று காலை அத்தை பூக்கடைக்காரம்மாவிடம் போனில் பேசினாராம்.

"அவளுக்கு மூக்கு வந்துடுச்சு. பூவுக்குள்ள முகத்த வச்சா எடுக்கவே மாட்டேங்கறா. அவளே வந்து சொல்லட்டும்னு இருக்கேன். சொன்ன அன்னிக்கே அந்த வேலைக்கு அனுப்பிடணும். இனிமே அடுப்பு அவ பாடு. நான் நிம்மதியா தூங்குவேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்திருந்தும் இத்தனை நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் இப்படி மறைக்கலாமா, மேடம்?