மூணு வருசப் படிப்பு

– பி.எஸ்.சி.யாமா பி.எஸ்.சி.! எம்மகன் கிருபாவுக்குன்னு பேசி வெச்ச பொண்ணு பி.எஸ்.சி.யா? வெளியில சொல்லிக்காதே சாமியாத்தா, உங்கண்ணனுக்கே கேவலம். கோபியில எங்க தோப்புல தேங்கா உரிக்கறவன் மகனும் அதைத்தான் படிக்கறான்.

– கம்ப்யூட்டர் பி.எஸ்.சி.தானுங்க நங்கை.

– என்ன பெரிய கம்ப்யூட்டர்? டைப் அடிக்கற பொட்டிக்கு மேல ஒரு டி.வி.யைத் தூக்கி வெச்சாக் கம்ப்யூட்டர் ஆயிருமா? எங்க கிருபா படிக்கறானே பி.இ., அது கம்ப்யூட்டர். அதுக்குன்னு தனி ரூமு, ஏ.சி. போட்டு, செருப்பை வெளிய கழட்டிப்போட்டாத்தான் உள்ளயே உடுவானுங்களாமா.

– மாரியம்மன் கோயிலாட்டங்களா அத்தை?

– பாத்தியா உம்பொண்ணு நக்கலை! ஏன்டி கீதா, பன்னெண்டாவது பாஸ் பண்ணிப்போட்டா வாய் இத்தனை நீளுமா?

– இல்லீங்க அத்தை, தெரியாமத்தான் கேட்டேன். செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போயி கிருபா மாமா என்னங்க பண்ணுவாங்க?

– என்னமோ பண்ணுவான், உனக்கெதுக்கு? சி-ன்னு ஒண்ணு இருக்குதாமா, அதுக்கு மேல ரெண்டு பிளஸ்ஸாமா. அத்தனையும் படிச்சுப்போட்டான்.

– ரெண்டு பிளஸ்ஸையுமுங்களா?

– சும்மா இரு கண்ணு. நீங்க காபி குடிங்க நங்கை. சின்னப்புள்ளை, தெரியாமப் பேசுது.

– காபி கெடக்கட்டும், நாஞ்சொல்றதைக் கேளு. மூணு வருசப் படிப்பை அமெரிக்காக்காரன் படிப்புன்னே எடுத்துக்க மாட்டானாமா. நாலு வருசம் படிச்சிருந்தாத்தான் கூப்பிடுவானாமா. கிருபா பிளேன் ஏறிப் போயிருவான். இவ இங்க உங்க லேத்துப் பட்டறையில இரும்புத்தூள் கூட்டிட்டு நிப்பாளா?

– அதுவுஞ் சரிதானுங்க நங்கை. ஆனா ரிசல்ட்டு வந்தன்னைக்கு நீங்கதானுங்களே வந்து சொன்னீங்க? நாலு வருசம் பசங்களோட படிக்கப்போட்டாப் பொண்ணு கைமீறிப் போயிரும், எம்பையனுக்குச் சரிக்குச் சரி நிப்பா, மூணு வருசத்துல முடிச்சுக் கையில குடுத்துருன்னு?

– சொன்னேன். அதுக்கென்ன இப்போ? அன்னைக்கு எனக்கு அமெரிக்காவைத் தெரியுமா?

– அதைக் கேட்டுப்போட்டுத்தானுங்க இவங்கப்பா, வாக்குக் குடுத்த எடம், அவங்க சொன்னபடியே ஆகட்டும்னு பி.இ. பேச்சையே எடுக்க உடலீங்க.

– உங்கூட்டுக்காரருக்கு மோட்டாருக்கு எத்தனை போல்ட்டுன்னு தெரியும். படிப்பைப் பத்தி அவருக்கென்ன தெரியும்?

– மெதுவாப் பேசுங்க நங்கை. உள்ளதான் பேப்பர் படிச்சுட்டிருக்காங்க.

– கேக்கட்டுமே, எனக்கென்ன பயமா? பி.எஸ்.சி. படிச்சவளைக் கூட்டிட்டுப் போயி, நாலு பேர்த்துகிட்ட எஞ்சினியர் பொண்டாட்டின்னு எப்படிச் சொல்றது?

– பேரைச் சொல்லலாமுங்க அத்தை. கீதான்னு.

– இந்த வாய்க்கே வேண்டாம்னு சொல்லலாம்!

– ஐயோ, அப்படியெல்லாஞ் சொல்லிப்போடாதீங்க நங்கை. பொறந்த ஊட்டு ஒறவு, இவ தொட்டில்ல கெடக்கறப்பப் பேசுன பேச்சு. பி.எஸ்.சி.யானாலும் உங்க சொல்லுக்கு அடங்கிக் கெடப்பா. டைப் கிளாஸுக்கு வேணும்னாலும் அனுப்பறேனுங்க. கிருபா சொல்லச் சொல்ல அடிச்சுக் குடுப்பா.

– டைப் அடிக்க ஆளு வேணும்னா சம்பளத்துக்கு வெச்சுக்கறேன், மருமகளா எதுக்கு? இங்க பாரு, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. அந்தியூர்ல ஒரு எடம் பாத்தாச்சு. பொண்ணு பி.இ. படிக்குது. ரெண்டு பேரும் சேந்தாப்புல அமெரிக்கா போயிரலாம். தட்டு மாத்த நாளும் குறிச்சாச்சு. உங்கண்ணனுக்கு வந்து சொல்ல வாய் வரலை, அதான் நான் வந்தேன். நமக்குள்ள பேசுன பேச்சு இன்னையோட முடிஞ்சுது.

– நெசமாத்தான் சொல்றீங்களா நங்கை?

– கோனியம்மன் மேல சத்தியம். போதுமா?

– போதுமுங்க. ஏனுங்க, உள்ள கேட்டீங்களா? வாக்கை நாம முறிக்கக்கூடாது, அவங்களா உட்டா மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்களே? அவங்களே உட்டுட்டாங்க. சட்டையை மாத்துங்க, ரயிலுக்கு நேரமாகுது.

– மெட்ராசா? அங்க எதுக்கு?

– நாளைக்குக் கவுன்சிலிங்குங்க அத்தை. அம்மா அப்பவே பேரைப் பதிஞ்சு வெச்சுட்டாங்க. பி.இ. கம்ப்யூட்டர், கவர்மென்ட் காலேஜுல. எம்மார்க்குக்குக் கேட்ட எடம் கெடைக்குமுங்க. கிருபா மாமாவுக்காட்டத் தோப்புல பாதியை வித்து சீட்டு வாங்க வேண்டியதில்லைங்க.

– அடியே சாமியாத்தா! இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? பி.இ.ன்னா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? அந்தியூர்க்காரங்களுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுது. ஏதோ கோவத்துல ஒரு சத்தியம் பண்ணிப்போட்டேன், கோனியம்மன் கோவிச்சுக்கவா போகுது?

– கோனியம்மன் கோவிச்சுக்காதுங்க நங்கை. நான் கோவிச்சுக்குவேன்.

– எங்கிட்டயே இப்படிப் பேசறியா நீ? அப்ப பி.எஸ்.சி.யில சேத்தாச்சு, பீஸும் கட்டியாச்சுன்னு வேலை மெனக்கெட்டு கோபிக்கு ஆளுட்டுச் சொன்னியே, அந்தப் படிப்பு என்னாகறது?

– அப்படிச் சொன்னாத்தானுங்களே நீங்க கெளம்பி வருவீங்க. பி.எஸ்.சி.க்கு நாங்க அப்ளிகேசனே வாங்கலீங்க நங்கை.