அழிக்காமல் விட்ட எழுபத்தொன்பதாம் கட்டம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தாராள மனத்துத் தலைவர் அவர்களே! பழைய கேம் கேசட்டுகளைப் பஞ்சில் பொதிந்து பாதுகாத்துவரும் பெரியோர்களே! "வைக்க இடமில்ல, இன்னொரு பெட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெட்டிக்கும் இடம் ஒதுக்கித் தந்த தாய்மார்களே! என் சேனலைப் பார்த்துக் கெட்டும், பிறகு திருந்தியும் போன தம்பி தங்கைகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வீடியோ கேம்களைப் பற்றி வீடியோ போடுகிறவன். ஆனால் எங்கள் வாய்க்கு எத்தனை வலிமை என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கேசட்டைத் தூக்கி "அபூர்வம்" என்றால் மறுநாளே அலமாரி காலி! "குப்பை" என்றால் மறுவாரமே அது மூட்டையில்! தேடு என்றால் தேடுகிறீர்கள். தள்ளு என்றால் தள்ளுகிறீர்கள். அழி என்றால், அழித்தும் விடுகிறீர்கள்.

ஆம், அழி என்றவன் நான்தான். "பழைய கேசட்டு வாங்குனா, உள்ள யாரோ ஆடி வச்சதை முதல்ல அழிச்சிடுங்க. அடுத்தவங்க எச்சில் நமக்கெதுக்கு?" என்று அடித்துச் சொன்னேன். அதோ, பின்வரிசையில் ஒருவர் தலை குனிகிறார். குனியாதீர்கள் ஐயா! குனிய வேண்டியவன் மேடையில் நிற்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை. லைவ் போய்க்கொண்டிருந்தது. பழைய பொருள் கடையில் வாங்கிய கேசட்டைச் செருகினேன். திரையில் ஒரே ஒரு பெயர். நான்கு ஆங்கில எழுத்துகளில் 'அம்மா'. எண்பது கட்டங்கள் உள்ள ஆட்டத்தில் எழுபத்தொன்பதாம் கட்டம்!

"பாருங்க மக்களே, கரைகிட்ட வந்து கப்பலை விட்டுட்டாங்க! அழிச்சிடலாமா?" என்று சிரித்தேன். "அழி, அழி" என்று அலையலையாய்க் கமெண்டுகள். விரல் பொத்தானைத் தொட்டுவிட்டது. அப்போது ஒரு வரி வந்தது.

"அண்ணா, வேணாம். அது எங்க அம்மா. பின்பக்கம் பச்சை நெயில்பாலிஷ் பொட்டு இருக்கும், பாருங்க."

திருப்பிப் பார்த்தேன். பொட்டு இருந்தது.

எழுதியவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண். அவருடைய அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்; பத்து விரலும் பறக்கும். வேலைவிட்டு வந்ததும் மகளோடு ஒரு மணி நேரம் இந்த ஆட்டம். போன வருடம் பக்கவாதம் வந்தது. வலக்கை போயிற்று, பேச்சும் போயிற்று. மாடியை விட்டுத் தரைத்தள வீட்டுக்கு மாறியபோது, விவரம் தெரியாமல் அப்பா இதையும் விற்றுவிட்டார்.

"அப்பாவைக் குத்தம் சொல்ல மனசு வரலண்ணா. அம்மாதான் எதுக்கும் கை நீட்ட மாட்டேங்கறாங்க. ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார் அந்த மகள்.

என்ன, முன்வரிசைத் தங்கையே? பேட்டரி இத்தனை வருடம் தாங்குமா என்றா? சரியாகக் கேட்டீர்கள்! கேசட்டுக்குள் ஒரு சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி இருக்கிறது. அது உயிரோடிருக்கும் வரைதான் அந்த ஆட்டத்துக்கு நினைவு. அதுவோ கடைசி மூச்சில்! வேறொரு பேட்டரியின் கம்பியைத் தொட்டுப் பிடித்துக்கொண்டே பழையதை எடுத்தேன். இருபது வருடமாகப் பற்றவைத்த கை இது. புதியதை அதே இடத்தில் பொருத்தினேன். பெயர் பிழைத்தது.

கேசட்டையும் அதை ஆடும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். டிவியில் தன் பெயர் தெரிந்ததும் அம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். இடக்கை தானாக, பொத்தான்கள் உள்ள கைப்பிடியை நோக்கி நீண்டது. ஓடுவதற்கு இடக்கை போதும், குதிப்பதற்கு? அந்தப் பொத்தான் வலப்பக்கம் அல்லவா! மகள் நெருங்கி உட்கார்ந்து தன் விரலை அதில் வைத்தார். அம்மா ஓடினார், மகள் பிந்தினார், இருவரும் பள்ளத்தில். மறுமுறையும் பள்ளம். மாதக்கணக்கில் "ம்" தவிர வேறெதுவும் வராத அந்த உதடுகள் துடித்தன.

"கு... குதி!"

மகள் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்.

"குதிடி!"

மாத்திரை டப்பாவோடு வாசலில் நின்ற அப்பா அழுதுகொண்டே சிரித்தார். "திட்டிட்டா! பழையபடி திட்டிட்டா!"

எழுபத்தொன்பது முடிந்தது. எண்பதில் தோற்றார்கள். "பரவால்லம்மா, இவ்ளோ தூரம் வந்ததே பெருசு" என்று ஆறுதல் சொன்னேன். அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். "மறுபடி" என்றார்.

மாயம் நடந்தது என்று மேடைப்பொய் சொல்லமாட்டேன். அந்த வலக்கை இன்னும் பொத்தானை அழுத்தவில்லை. ஆனால் தினமும் அதை இடக்கையால் தூக்கிப் பொத்தான்மேல் அவரே வைக்கிறார்.

"நான் சொன்னது தப்பு" என்று மறுவாரமே வீடியோ போட்டேன். அதன்கீழ் ஒருவர் எழுதினார்: "நீங்க சொன்னீங்கன்னு மூணு அழிச்சேன் அண்ணா. யாரோடதுன்னு தெரியல." அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

வீடியோ போடும் தோழர்களே! பேசுவது நம் ஒரு வாய். செய்வது ஆயிரம் கைகள்! விலையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வியந்து சொல்லுங்கள், விளையாடிக் காட்டுங்கள். ஆனால் சொல்லுமுன் ஒரு நொடி நில்லுங்கள். கேசட்டு சேர்ப்பவர்களே! நீங்கள் வாங்குவது பிளாஸ்டிக்கா? யாரோ ஒருவரின் மாலைப்பொழுதல்லவா? யாரோ இருவர் தோளுரசி உட்கார்ந்த இடமல்லவா? திறந்ததும் பெயரைப் பாருங்கள். பார்த்ததும் ஊரறியக் கேளுங்கள். கேட்டதும் காத்திருங்கள். அதற்கும் யாரும் வரவில்லையா? அவர் விட்ட இடத்திலிருந்து அவருக்காக நீங்கள் ஆடுங்கள்!

செவி தந்த உங்களுக்கும், என் பிழையைச் சொல்ல மேடை தந்த பெருந்தகையோருக்கும் நெஞ்சம் நெகிழ்ந்த நன்றி. போய்வருகிறேன், வணக்கம்!